செல்போன் கோபுரம் பேசுமா? பேசும்! கேட்கத்தான் ஆள் வேண்டும்

டிராய், பல்கலைக்கழகங்கள் கை கோத்தால் விழுப்புரம், திண்டிவனத்துக்கு என்ன லாபம்?

விழுப்புரம்,

"ஹலோ... ஹலோ... கேக்குதா?"

கேட்கவில்லை!

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ராத்திரி. பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. ஏறிய புயல் நகரவில்லை. அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடு!

டிசம்பர் 2-ந் தேதி விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரெயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. ரெயில்கள் நின்றன. சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. தென்பெண்ணை பொங்கியது. அரசூரில் திருச்சி நெடுஞ்சாலை தண்ணீரில் மூழ்கியது.

ரெயில் இல்லை. பஸ் இல்லை. கரண்ட் இல்லை. பல இடங்களில் செல்போனும் ஊமை ஆனது.

சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்குத் தவிப்பு. "அம்மா மாடி ஏறினாங்களா, இல்லையா?" கேட்க வழி இல்லை. பையில் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய போன் இருக்கிறது. பிரயோஜனம்?

அந்த ராத்திரி எந்தக் கோபுரம் எத்தனை மணிக்குச் செத்தது? எத்தனை மணிக்கு உயிர் வந்தது? யாருக்குத் தெரியும்?

கோபுரத்துக்கே தெரியும்! அதுதான் இந்தக் கட்டுரையின் சங்கதி. இதன் விவரம் வருமாறு:-

கோபுரம் எழுதும் கணக்கு

செல்போன் கோபுரம் என்பது வெறும் இரும்புத்தூண் அல்ல. மளிகைக் கடை கணக்குப்பிள்ளை மாதிரி அது ராப்பகலாகக் கணக்கு எழுதிக்கொண்டே இருக்கிறது. எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை பேச்சு பாதியில் அறுந்தது, எத்தனை பேருக்கு இணைப்பே கிடைக்கவில்லை, மின்சாரம் எப்போது போனது... எல்லாம் அதில் பதிவு ஆகிறது.

கரண்ட் போனால் கோபுரம் பேட்டரியில் ஓடும். அது சில மணி நேரம்தான். அப்புறம் டீசல் ஜெனரேட்டர். வெள்ளத்தில் டீசல் வண்டி போக முடியாவிட்டால்? கோபுரம் அவ்வளவுதான்!

இந்தக் கணக்கெல்லாம் கம்பெனிகளின் கம்ப்யூட்டரில் மலைபோல் குவிகிறது. அந்த மலையைத் தோண்டி, உபயோகமான சேதியை எடுப்பதைத்தான் "தரவு பகுப்பாய்வு" என்கிறார்கள். பெயர்தான் பெரிசு. பேரேட்டைப் புரட்டி "எந்தச் சரக்கு எந்த மாசம் ஓடுது?" என்று நம்ம ஊர் மொத்த வியாபாரி பார்க்கிறாரே, அதேதான்!

டிராய் யார்?

செல்போன் கம்பெனிகளுக்கு மேலே ஒரு நாட்டாமை இருக்கிறது. அதுதான் இந்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். சுருக்கமாக டிராய். 1997-ம் ஆண்டு சட்டம் போட்டு அமைத்தார்கள். சேவை எவ்வளவு தரமாக இருக்க வேண்டும் என்று விதி வகுப்பது, தவறினால் அபராதம் போடுவது அதன் வேலை.

"அப்படின்னா எங்க ஊர் சிக்னல் பிரச்சினை இத்தனை நாளா ஏன் அவங்க கண்ணுல படலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

சராசரி செய்த மாயம்

காரணம், சராசரி!

முன்பெல்லாம் மாநிலம் முழுவதையும் ஒரே வட்டாரமாக வைத்து, 3 மாதத்துக்கு ஒரு தடவை கணக்குப் பார்த்தார்கள். 100 பேச்சில் 2-க்கு மேல் அறுபடக்கூடாது என்பது பொதுவான அளவு.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பாருங்கள். 100 கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் 100 பேச்சு. டவுன் பக்கம் 95 கோபுரங்களில் தலைக்கு ஒரே ஒரு பேச்சு அறுகிறது. மொத்தம் 95. கிராமத்துப் பக்கம் 5 கோபுரங்களில் தலைக்கு 20 பேச்சு அறுகிறது. மொத்தம் 100. இரண்டையும் கூட்டினால் 195.

பத்தாயிரம் பேச்சில் 195. அதாவது 100-க்கு 2 கூட இல்லை. கம்பெனி பாஸ்!

ஆனால் அந்த 5 கிராமத்தில் என்ன நிலைமை? ஐந்து பேர் பேசினால் ஒருவர் பேச்சு பாதியில் போச்சு! பிரசவ வலிக்கு 108-ஐக் கூப்பிடும் நேரத்தில் போனால்? சராசரி வந்து ஆம்புலன்ஸ் அனுப்புமா?

புது விதி வந்தது

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி டிராய் புதிய தர விதிகளை வெளியிட்டது. அக்டோபர் 1-ந் தேதி அவை அமலுக்கு வந்தன. செல்போன் சேவையை 3 மாதத்துக்கு ஒரு தடவை அல்ல, 2025 ஏப்ரலில் இருந்து மாதாமாதம் அளக்க வேண்டும் என்றார்கள். மாநில மொத்தத்தோடு நிற்காமல் கோபுர அளவிலும் கணக்குப் பார்க்க வேண்டும் என்றார்கள். எந்த ஊரில் 2ஜி, எந்த ஊரில் 4ஜி, எந்த ஊரில் 5ஜி கிடைக்கும் என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அபராதமும் ஏறியது. முன்பு ஒரு தவறுக்கு ரூ.50 ஆயிரம். இப்போது 1 லட்சத்தில் தொடங்கி தவறின் தன்மையைப் பொறுத்து 10 லட்சம் வரை.

இன்னொன்று முக்கியம். ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் அடங்கிப் போனால், மாத பில் கட்டுகிறவர்களுக்கு அடுத்த பில்லில் கழிவு. முன்பணம் கட்டி ரீசார்ஜ் செய்கிறவர்களுக்கு கூடுதல் நாட்கள். ஒரே நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் சேவை இல்லாமல் இருந்தால் அது முழு நாளாகக் கணக்கு.

"பரவாயில்லையே!" என்கிறீர்களா? பொறுங்கள். ஒரு முடிச்சு இருக்கிறது. இயற்கைச் சீற்றத்தால் சேவை போனால் இந்தக் கழிவு கிடையாது!

இங்கேதான் சிக்கல்

புயல் அடித்த அன்று கோபுரம் நின்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மழை விட்டு, தண்ணீர் வடிந்து, கரண்டும் வந்த பிறகு இரண்டு நாள் கோபுரம் தூங்கினால்? அது புயலின் குற்றமா, கம்பெனியின் சோம்பலா?

இதை எப்படிப் பிரித்துச் சொல்வது? மின்வாரியம் எந்தத் தெருவுக்கு எப்போது கரண்ட் கொடுத்தது என்ற கணக்கு ஒரு பக்கம். கோபுரம் எப்போது விழித்தது என்ற கணக்கு இன்னொரு பக்கம். மழை அளவு மூன்றாவது பக்கம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பார்ப்பது யார்? கம்பெனியே தன் பரீட்சைத்தாளைத் திருத்தினால் ஊர் நம்பாது. டிராய்க்கு நாடு முழுக்க லட்சக்கணக்கான கோபுரம். இங்கேதான் பல்கலைக்கழகங்கள் வருகின்றன.

சென்னை காட்டிய வழி

2022-ம் ஆண்டு மே 17-ந் தேதி டிராய் வெள்ளி விழா நடந்தது. அன்று பிரதமர் மோடி 5ஜி சோதனைக் களத்தைத் தொடங்கி வைத்தார். அதை உருவாக்கியது தனியார் கம்பெனி அல்ல. சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் 8 கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து செய்த வேலை. செலவு சுமார் ரூ.220 கோடி. இரண்டே நாள் கழித்து, 19-ந் தேதி, சென்னை ஐ.ஐ.டி.யில் அந்தக் களத்தின் வழியாக 5ஜியில் பேசியும் காட்டினார்கள்.

அடுத்த ஆண்டு, 2023 ஜூலை 20-ந் தேதி, தொலைத்தொடர்பில் செயற்கை நுண்ணறிவையும் பெருந்தரவையும் பயன்படுத்துவது பற்றி டிராய் தன் பரிந்துரைகளை அரசுக்குக் கொடுத்தது. இதற்கென்றே சட்டபூர்வமான தனி ஆணையம் வேண்டும் என்பது அதில் ஒன்று.

கடல் தாண்டி...

வெளிநாட்டில் இந்த வேலை எப்போதோ தொடங்கிவிட்டது.

2010 ஜனவரியில் ஹைத்தி நாட்டில் பயங்கர பூகம்பம். தலைநகரை விட்டு ஜனங்கள் ஓடினார்கள். எங்கே ஓடினார்கள்? அரிசி மூட்டையை எந்த ஊருக்கு அனுப்புவது? சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனமும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகமும் ஒரு செல்போன் கம்பெனியிடம் இருந்து 19 லட்சம் சிம்களின் நகர்வுக் கணக்கை வாங்கி ஆராய்ந்தன. பூகம்பத்துக்குப் பிறகு 19 நாளில் சுமார் 6 லட்சத்து 30 ஆயிரம் பேர் தலைநகரைவிட்டு வெளியேறியது தெரிந்தது. எந்தப் பக்கம் போனார்கள் என்பதும் தெரிந்தது!

நம் பக்கத்து வீடு இலங்கை. அங்கே தொலைத்தொடர்புத் துறை தலைமை இயக்குநராக இருந்த ரோஹன் சமரஜீவ தொடங்கிய 'லேர்ன் ஏசியா' என்ற ஆய்வு அமைப்பு, செல்போன் தரவை வைத்துக் கொழும்பு நகரப் போக்குவரத்தை ஆராய்ந்தது. மொறட்டுவை பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து டெங்கு பரவலையும் பார்த்தது. கொசு பறக்கும் தூரம் கொஞ்சம். நோயைச் சுமந்து ஊர் ஊராகப் போவது மனுஷன்தானே!

ஜாக்கிரதை!

"அப்ப நான் எங்கே போறேன், வர்றேன்னு காலேஜ் பசங்க பாப்பாங்களா?"

பயம் நியாயமானதே. பெயரையும் நம்பரையும் எடுத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது! 2013-ல் வெளியான ஒரு ஆய்வு 15 லட்சம் பேரின் செல்போன் தரவைப் பார்த்தது. ஒருவர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்று நாலே நாலு தகவல் இருந்தால் போதும். 100-க்கு 95 பேரைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடலாம் என்று அது காட்டியது.

ஆகவே தனி ஆளின் கணக்கு கல்லூரிக்குப் போகவே கூடாது. கோபுரத்தின் கணக்கு போகலாம். "இந்தக் கோபுரத்தில் இத்தனை பேச்சு அறுந்தது" என்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. "இன்னார் இன்னாரோடு பேசினார்" என்றால் அது வம்பு. தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023-ல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றி இருக்கிறது.

நம்ம ஊர்ப் பிள்ளைகள்

விழுப்புரம் காகுப்பத்தில் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. திண்டிவனம் மேல்பாக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. இரண்டு ஊரிலும் அரசு கலைக் கல்லூரிகள் உண்டு.

விழுப்புரத்தில் ரெயில் ஏறினால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், பிறகு திண்டிவனம். தினமும் இந்தத் தடத்தில் எத்தனை மாணவர்கள் போய் வருகிறார்கள்! ஒவ்வொரு கையிலும் செல்போன். எந்த ஸ்டேஷனில் சிக்னல் விழுகிறது, எந்த வளைவில் அறுகிறது என்று ஒரு மாதம் குறித்தால் போதும். கம்பெனி போட்ட வரைபடத்துக்குப் பக்கத்தில் அதை வைக்கலாம். இரண்டும் பொருந்தினால் சபாஷ். பொருந்தாவிட்டால் டிராய்க்குச் சாட்சி!

டிராய் ஒரு கடிதம் போட வேண்டும். பல்கலைக்கழகம் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். கோபுரக் கணக்கைக் கம்பெனிகள் கொடுக்க வேண்டும். கோடிக்கணக்கில் செலவு இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். சிக்னல் கோளாறா? முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் கொடுங்கள். புகார் எண்ணை மறக்காமல் வாங்கிக் குறித்து வையுங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போங்கள். தனி ஆளின் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பது இல்லை என்பதை நினைவில் வையுங்கள். வேகத்தை அளக்க டிராயின் 'மைஸ்பீடு' செயலி 2016-ல் இருந்தே இருக்கிறது.

வியாபார நேரத்தில் "லோன் வேணுமா சார்?" என்று தொல்லையா? 1909-க்குப் புகார் கொடுங்கள். தொல்லை அழைப்புகளைக் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும்படி 2023 ஜூனிலேயே கம்பெனிகளுக்கு டிராய் உத்தரவிட்டது. 2025 பிப்ரவரியில் விதி இன்னும் இறுகியது. அழைப்பு வந்து 7 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். அதன்மேல் 5 நாளுக்குள் நடவடிக்கை வேண்டும்.

ஒவ்வொரு புகாரும் ஒரு தரவு. எழுதப்படாத புகார் கணக்கில் ஏறாது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சராசரி சொல்லிவிடும்!

ஒரு காலத்தில் விழுப்புரத்தில் இருந்து சென்னைக்குப் பேச டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்துக் கிடந்தோம். பிறகு எஸ்.டி.டி. வந்தது. விழுப்புரத்துக்கு 04146, திண்டிவனத்துக்கு 04147 என்று மனப்பாடம் செய்தோம். இப்போது கையிலேயே போன்.

அடுத்த புயல் வரத்தான் போகிறது. மகன் கூப்பிடும்போது தாய் எடுக்க வேண்டும்.

"கேக்குதா?" என்றால், "கேக்குதுப்பா!" என்று பதில் வர வேண்டும்.