பூட்டிய செய்தி, திறந்த போன்

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சில நாள்களில் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் பந்தல்கள் எழுந்தன. அந்தத் தாய்மார் பிள்ளையின் படத்தை ஏந்தியிருந்தார்கள். படத்தோடு சேர்ந்தவை இன்னும் உண்டு: அடையாள அட்டைப் பிரதி, முறைப்பாட்டு இலக்கம், கடைசியாக யார் எங்கே கண்டார் என்ற சாட்சியம், வெளிநாட்டு உறவின் தொலைபேசி இலக்கம். ஒருகாலம் பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்த இப்படியான தாள்கள் இப்போது படம்பிடிக்கப்பட்டு வட்ஸ்அப்பில் போகின்றன. போகும் வழியில் அவற்றை யார் பார்க்கலாம்?

போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் காவிச் சென்ற குடும்பச் செய்திகள் ஒட்டப்படாத தாள்கள். குடும்ப நலம் மட்டுமே எழுதலாம். இடையில் யாரும் வாசிக்கலாம். அது தெரிந்தவர்கள் மனதில் இருந்ததை எழுதாமலே விட்டார்கள். முனைக்கு முனை மறைகுறியாக்கம் அந்த இடையாளின் கண்ணை மறைக்கிறது. எப்படி என்பதுதான் அதன் அழகு.

வட்ஸ்அப்பைப் பதிந்தவுடன் போன் தனக்கென இரண்டு திறவுகோல்களை உருவாக்குகிறது. ஒன்று பகிரங்கமானது, நிறுவனத்தின் சேர்வருக்குப் போகும். மற்றது இரகசியமானது, போனை விட்டு வெளியே வராது. கிளிநொச்சித் தாயின் போன், ரொறன்ரோ மகனின் பகிரங்கத் திறவுகோலைத் தன் இரகசியத்தோடு சேர்த்து ஓர் எண்ணைக் கணிக்கிறது. மகனின் போன், தாயின் பகிரங்கத் திறவுகோலைத் தன் இரகசியத்தோடு சேர்க்கிறது. இரு பக்கமும் வருவது ஒரே எண். இரண்டு பகிரங்கத் திறவுகோல்களையும் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாமவரால் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. விற்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976இல் வெளியிட்ட கணிதம் இது. ஒருவரையொருவர் நேரில் காணாமலே, எல்லோரும் கேட்கும்படி பேசி, இருவருக்கு மட்டும் ஓர் இரகசியம் உண்டாக்கலாம் என்று காட்டியதை அந்த நூற்றாண்டின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

அந்த எண்ணிலிருந்து ஒவ்வொரு செய்திக்கும் புதிய திறவுகோல் பிறக்கிறது, பயன்படுத்தியது அழிகிறது. அதனால் இன்றைய திறவுகோல் களவு போனாலும் நேற்றைய செய்தி திறக்காது. திறவுகோலின் நீளம் 256 பிற். சாத்தியங்களின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கம் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க எந்தக் கணினியாலும் ஆகாது. மொக்சி மார்லின்ஸ்பைக்கும் ட்ரெவர் பெரினும் வடிவமைத்த சிக்னல் நெறிமுறையின் வேலை இது. 2016 ஏப்ரலில் வட்ஸ்அப் இதை எல்லாருக்கும் தந்தது. பேஸ்புக் மெசெஞ்சர் 2023 டிசம்பரில்தான் தனிப்பட்ட உரையாடல்களுக்கு இதை வழக்கமாக்கத் தொடங்கியது. ரெலிகிராமின் சாதாரண உரையாடலுக்கும் குழுக்களுக்கும் இந்தக் காப்பு இல்லை. 'இரகசிய உரையாடல்' என்று தனியாகத் திறக்க வேண்டும். சாதாரண எஸ்.எம்.எஸ்.க்கு அறவே இல்லை.

ஆனால் வழி மட்டுமே பூட்டப்பட்டிருக்கிறது. இரு முனையிலும் செய்தி திறந்தே கிடக்கிறது. போனைத் திறந்து காட்டு என்று கேட்பவருக்கு முன்னால் எந்தக் கணிதமும் நிற்காது. திருத்தக் கொடுக்கும்போது கடவு எண்ணையும் சொல்லிவிட்டால், உங்கள் வட்ஸ்அப்பை இன்னொரு கணினியில் இணைத்துவிட அதிக நேரம் தேவையில்லை. அமைப்புகளில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதியை அடிக்கடி பார்க்க வேண்டும். யார் யாரோடு எப்போது, எத்தனை தடவை பேசினார்கள் என்ற விபரத்தையும் இந்தப் பூட்டு மறைப்பதில்லை. தடையையும் இது தாண்டாது: 2018 மார்ச்சில் கண்டி வன்முறையை அடுத்து அரசாங்கம் வட்ஸ்அப்பையும் வைபரையும் நிறுத்தியபோது எல்லாப் பூட்டும் சும்மா கிடந்தது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது காப்புப்பிரதி. அன்ட்ரொயிட் போனில் வட்ஸ்அப் உரையாடல்களின் பிரதி கூகுள் கணக்கில் சேமிக்கப்படுகிறது. நாமாகச் சொல்லாவிட்டால், முனைக்கு முனை காப்பு அந்தப் பிரதிக்கு இல்லை. எங்கள் முதியவர்கள் பலரின் ஜிமெயில் கணக்கோ, போன் வாங்கிய கடையில் நின்ற தம்பி திறந்து கொடுத்தது. கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும், சிலவேளை அவருக்கும் மறந்திருக்கும். முதலில் அந்தக் கணக்கைத் தங்கள் கைக்கு எடுக்க வேண்டும். பிறகு, 2021 முதல் வட்ஸ்அப் தரும் மறைகுறியாக்கப்பட்ட காப்புப்பிரதியைச் செயற்படுத்தி, கடவுச்சொல்லோ 64 இலக்கத் திறவுகோலோ வைக்கலாம்.

இங்கே வன்னிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. போனும் தொலைந்து, அந்தக் கடவுச்சொல்லும் மறந்துபோனால், வட்ஸ்அப் நிறுவனமோ கூகுளோகூட அந்தப் பிரதியைத் திறந்து தர முடியாது. பாதுகாப்பு ஆலோசனை சொல்பவர்கள் தகவல் கசிவதைப் பற்றியே பேசுகிறார்கள். பிள்ளையைத் தேடும் தாய்க்கு, கசிவதைப் போலவே தொலைவதும் பேரிழப்பு. இறுதிப் போரில் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி மாறியபோது குடும்பப் படங்களையே பறிகொடுத்த மக்கள் இவர்கள். மிஞ்சிய ஒரு படத்தை மறந்துபோன ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடக் கூடாது. அந்தக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, போன் இருக்கும் வீட்டில் வைக்காமல், நம்பிக்கையான இன்னொரு வீட்டில் வைக்கலாம். மூலத் தாள்களை எக்காரணம் கொண்டும் எறியக் கூடாது.

கடைசியாக, ஆள்மாறாட்டம். மறைகுறியாக்கம், திறவுகோல் உள்ள போனுக்குச் செய்தியைச் சேர்க்கும். அந்தப் போனை வைத்திருப்பவர் யார் என்று அது அறியாது. உறவினர் பெயரில் வந்து "உங்களுக்கு வந்த ஆறு இலக்கத்தை அனுப்புங்கோ மாமி" என்று கேட்பவருக்கு அதை அனுப்பினால், கணக்கு கைமாறிவிடும். அதன்பிறகு உறவுகள் அனுப்பும் செய்தியெல்லாம் பத்திரமாகக் கள்வனிடமே போய்ச் சேரும். இரு படிச் சரிபார்ப்பில் ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றை வைத்தால் இது கடினமாகும். ஒவ்வொரு உரையாடலுக்கும் 60 இலக்கப் பாதுகாப்புக் குறியீடு ஒன்றும் உண்டு; தொடர்பின் பெயரைத் தொட்டு 'மறைகுறியாக்கம்' என்பதை அழுத்தினால் தெரியும். ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகனை வீடியோ அழைப்பில் எடுத்து, முகம் பார்த்து, இரு பக்கமும் எண்களை வாசித்துப் பாருங்கள். அவர் போன் மாற்றினால் அந்த எண்ணும் மாறும். அப்போது திரும்பவும் வாசிக்க வேண்டும்.