யாரைக் கேட்டுச் செய்வது?

“போப் உண்டு, போப் இல்லை. கத்தோலிக்கருக்கும் ஆர்த்தடாக்ஸுக்கும் அவ்வளவுதானே வித்தியாசம்?” என்கிறீர்கள். பாதி சரி. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், மீதிப் பாதிதான் சுவாரசியம்.

உலகின் எந்த மறைமாவட்டத்திலும் போப்புக்கு நேரடி அதிகாரம் உண்டு என்பதை 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் கோட்பாடாகவே எழுதிவைத்தது. ஆர்த்தடாக்ஸில் அப்படி ஒருவர் கிடையாது. கான்ஸ்டான்டினோபிள் முதுபெரும் தந்தைக்கு முதல் மரியாதை. ஆனால் ரஷ்யாவில் ஒரு பிஷப்பை நியமிக்க அவரால் முடியாது. அது அங்குள்ள ஆயர் மன்றத்தின் வேலை.

இதற்கும் மறைப்பணிக்கும் என்ன சம்பந்தம்? நம் மதுரையையே பாருங்கள். 1606இல் வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி காவி கட்டினார்; மதம் மாறிய பிராமணர்கள் குடுமியும் பூணூலும் வைத்துக்கொள்ளலாம் என்றார். கூட இருந்த பாதிரியாரே புகார் எழுதினார். வழக்கு கோவா போய், ரோம் போய், 1623இல் பதினைந்தாம் கிரகோரி சம்மதித்த பிறகே அடங்கியது. மதுரைக் குடுமிக்கு ரோமில் கையெழுத்து! ஆனால் 1744இல் அதே ரோம் இத்தகைய வழக்கங்கள் பலவற்றைத் தடுத்துவிட்டது. நோபிலி தமிழில் எவ்வளவோ எழுதினார். பூசை மட்டும் லத்தீனில்தான் நடந்தது. அது தமிழுக்கு வர 1960களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வேண்டியிருந்தது.

இப்போது ஜப்பானுக்கு வாருங்கள். 1861இல் ஹகோதாதே ரஷ்யத் துணைத் தூதரகத்துக்குப் பாதிரியாராக வந்தார் நிக்கோலாய் கசாட்கின். முதலில் மொழியைப் படித்தார். பிறகு நகாய் என்ற ஜப்பானிய அறிஞரோடு உட்கார்ந்து புதிய ஏற்பாட்டையும் வழிபாட்டு நூல்களையும் மொழிபெயர்த்தார். அவர் மரபுக்கு இது புதிதல்ல. சிரிலும் மெத்தோடியஸும் 863இலேயே ஸ்லாவியருக்கு அவர்கள் மொழியில் வழிபாட்டைக் கொண்டுபோனவர்கள். 1904இல் ரஷ்யாவும் ஜப்பானும் போரிட்டபோது நிக்கோலாய் ஊர் திரும்பவில்லை. “உங்கள் நாட்டுக்காக ஜெபியுங்கள்” என்று ஜப்பானிய விசுவாசிகளிடம் சொல்லிவிட்டு, ரஷ்யரான தாம் பொது வழிபாட்டிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். எனக்கு மிகவும் பிடித்த மனிதர். அதற்காக ஆர்த்தடாக்ஸ் என்றாலே சுதந்திரம் என்று எண்ண வேண்டாம்; அன்றைய ரஷ்யச் சபையே ஜாரின் பிடியில்தான் இருந்தது.

மறைப்பணியில் பிறந்த பிள்ளைச் சபை வளர்ந்த பிறகுதான் சிக்கல் வருகிறது. அதற்குத் தன்னாட்சி கொடுப்பது யார்? ஜப்பானுக்கு 1970இல் மாஸ்கோ கொடுத்தது; கான்ஸ்டான்டினோபிள் ஏற்கவில்லை. 2019இல் உக்ரைனுக்குக் கான்ஸ்டான்டினோபிள் முழுத் தன்னாட்சியே கொடுத்தது. அதற்கான ஏற்பாடு தொடங்கிய 2018இலேயே மாஸ்கோ உறவை முறித்துக்கொண்டது. தீர்த்துவைக்க மேலே ஒருவர் இல்லாத பங்காளிச் சண்டை இது.

2007இல் இத்தாலியின் ரவென்னாவில் கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் இறையியலாளர்கள் கூடினார்கள். பழங்காலச் சபை வரிசையில் ரோமுக்கே முதலிடம் என்று ஒப்புக்கொண்டார்கள்; அந்த முதல்வர் என்னென்ன செய்யலாம் என்பதில்தான் இழுபறி. மாஸ்கோ பிரதிநிதிகள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். காரணம் போப் அல்ல. கான்ஸ்டான்டினோபிளின் கீழிருந்த எஸ்டோனியச் சபைக்கும் அங்கே இடம் கொடுத்திருந்தார்கள்.