மணிக்கட்டா, மார்பா?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். உடற்பயிற்சியின்போது இதயத்துடிப்பு பார்க்க ஒரு கருவி வேண்டும், காசும் அதிகம் போகக் கூடாது. அவ்வளவுதானே? அப்படியானால், அந்தக் கருவி துடிப்பை எதிலிருந்து எடுக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

மார்புப் பட்டை இதயத்தில் எழும் மின்துடிப்பையே பிடிக்கிறது. ஈசிஜி எடுப்பதும் இப்படித்தான். ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1980களிலேயே விளையாட்டு வீரர்களுக்கு இதைக் கொண்டுவந்துவிட்டது. ஸ்மார்ட்வாட்ச் வழி வேறு. பச்சை வெளிச்சத்தைத் தோலில் பாய்ச்சி, ரத்தம் வந்து போவதில் திரும்பிவரும் ஒளி எப்படி மாறுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால், சீராக நடந்தால், இதுவே போதும்.

கை ஆட ஆரம்பித்தால்தான் வம்பு. ஓடும்போது சில வாட்சுகள் காலடியையே துடிப்பாக எண்ணிவிடும். நிமிடத்துக்கு 165 அடி வைத்தால், திரையிலும் 165 வந்து நிற்கும். மெதுவோட்டத்தில் அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் பதறாதீர்கள். அடிகளை எண்ணிப் பாருங்கள். டம்பெல் தூக்கும்போதும் மணிக்கட்டு மடங்கி, தசை இறுகி, அளவு தடுமாறும். 30 விநாடி வேக ஓட்டமென்றால், வாட்சில் எண் ஏறி வருவதற்குள் நீங்கள் ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் இதயத்துடிப்புக்காக மட்டும் விலை உயர்ந்த வாட்ச் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாதாரண மார்புப் பட்டை ஒன்று போதும். போலார் எச்10 கட்டுப்படியாகாவிட்டால் மஜீன், கூஸ்போ என்று விலை குறைந்தவையும் இருக்கின்றன. புளூடூத் இருக்கிறதா, கடையில் கிடைக்கும் வட்ட பேட்டரியை நாமே மாற்றலாமா, பட்டையைக் கழற்றித் துவைக்கலாமா, இந்த மூன்றும் முக்கியம். கட்டுமுன் உட்புறத்தைத் தண்ணீரால் நனையுங்கள். காய்ந்த பட்டை முதல் சில நிமிடம் கன்னாபின்னாவென்று காட்டும். பலர் அதைப் பார்த்துத்தான் கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். மார்பில் கட்டப் பிடிக்காதவர்கள் முழங்கைக்கு மேலே கட்டும் பட்டையைப் பார்க்கலாம். அதுவும் ஒளியால் அளப்பதுதான், ஆனால் அங்கே ஆட்டம் குறைவு.

எதை வாங்கினாலும், ஓடி நின்றதும் கழுத்து நாடியை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கி, திரையோடு ஒப்பிடுங்கள். 220இலிருந்து வயதைக் கழித்தால் வரும் உச்ச இதயத்துடிப்பு வெறும் சராசரி. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடும், குறையும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. அவர்கள் எந்த எண்ணைத் தாண்டக் கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.