போய் வருவதற்கு ஒரு சொல்

தென்கொரியா 2004 இல் தொடங்கிய தொழில் அனுமதி முறையின் கீழ் அங்கு வேலைக்குச் செல்ல விரும்பும் இலங்கையர், கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். என் நானா அதற்குப் படித்தபோது, கொப்பியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது என் வேலையானது. கேட்கக் கேட்க எனக்கும் சில சொற்கள் பாடமாகிவிட்டன.

முதலில் வந்தவை ‘காதா’, ‘ஓதா’ என்ற இரண்டு வினைகள். காதா என்றால் போதல். ஓதா என்றால் வருதல். தமிழைப் போலவே கொரிய மொழியிலும் வினை வாக்கியத்தின் இறுதியில்தான் வரும். ‘ஹக்க்யோஎ காயோ’ என்றால் ‘பாடசாலைக்குப் போகிறேன்’. ‘ஹக்க்யோ’ பாடசாலை, ‘எ’ நமது ‘கு’ உருபு போன்றது.

ஆனால் ஓரிடத்தில் நானா தடுமாறினார். வகுப்பில் ஆசிரியர் அழைத்ததும், ‘வருகிறேன்’ என்ற பொருளில் ‘வாயோ’ என்றாராம். உம்மா கூப்பிட்டால் நாம் ‘வாறேன்’ என்போமல்லவா? கொரியர் அப்படிச் சொல்வதில்லை. பேசுபவர் இருக்கும் இடத்தை நோக்கி வந்தால்தான் ஓதா. நாம் மற்றவரிடம் செல்வதென்றால், அவரே அழைத்திருந்தாலும் ‘காயோ’, அதாவது ‘போகிறேன்’ என்றே சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ‘தான்யோஓதா’. ஓரிடத்துக்குப் போய்த் திரும்பி வருதல் என்பது அதன் பொருள். பாடசாலைக்கோ வேலைக்கோ வழமையாகச் சென்றுவருவதைக் குறிக்கும் ‘தானிதா’வுடன் ‘ஓதா’ சேர்ந்து உருவானது. வீட்டிலிருந்து புறப்படும் பிள்ளை ‘தான்யோ ஓகெஸ்ஸும்னிதா’ என்று சொல்லும். நமது ‘போய்ட்டு வாறேன்’ அதுதான். வெறுமனே ‘போறேன்’ என்றால் எங்கள் உம்மாவும் விடமாட்டார். அதற்குத் தாய் ‘தான்யோவா’ என்பார். அதன் இறுதியில் உள்ள ‘வா’வுக்கும் நமது ‘வா’வுக்கும் ஒரே பொருள்!

நானா சித்தியடைந்து, சென்ற மாதம் புறப்பட்டார். முதலில் 3 வருடங்கள். நீடித்தால் 4 வருடங்களும் 10 மாதங்களும். வாசலில் பேச்சு வராமல் நின்றார். “போய்ட்டு வா மகன்” என்றார் உம்மா. மூத்தவர்களுக்கு மரியாதையாகச் சொல்லும் ‘தான்யோஓசேயோ’வை நான் சொன்னதும் சிரித்துவிட்டார்.

வீடு திரும்பியவர் சொல்வது ‘தான்யோ வாஸ்ஸும்னிதா’: ‘போய்ட்டு வந்துட்டேன்’. அதை உம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், நானா அதே வாசலில் நின்று சொல்லும்போது உம்மாவுக்கு விளங்க வேண்டுமல்லவா?