என் தந்தை என்னும் மக்கள் தொடர்பு அலுவலர்

இந்தியாவில் மக்கள் தொடர்பு என்னும் தொழில் பெரிதும் வேர்கொண்ட நகரம் மும்பை. 1943இல் டாடா குழுமம் தன் பம்பாய்த் தலைமையகத்தில் இதற்கெனத் தனித் துறை ஒன்றை அமைத்தது. 1958இல் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தோர் ஒன்றுகூடி இந்திய மக்கள் தொடர்புக் கழகத்தை நிறுவினர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், தகரப் பெட்டி ஒன்றும் தட்டச்சுத் தேர்ச்சிச் சான்றிதழும் கொண்டு திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்தார் என் தந்தை. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அவருடைய வாழ்க்கை தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்னும் மூன்று இடங்களில் கழிந்தது.

தாராவி

தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்றில் வேலை பார்த்த சித்தப்பாவின் அறையே அவருக்கு முதல் புகலிடம். பகல் வேலைக்காரர்கள் எழுந்த பாயில் இரவு வேலைக்காரர்கள் வந்து படுப்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவோர் மணியார்டர் படிவத்தோடு தந்தையைத் தேடி வருவர். படிவத்தின் அடியில் செய்தி எழுத விட்டிருக்கும் இடமோ உள்ளங்கையளவு. அதற்குள் நலம் விசாரிப்பும், அடைக்க வேண்டிய கடனும், தங்கையின் திருமணப் பேச்சும் அடங்கியாக வேண்டும். “எது சொல்ல வேண்டியது, எது சொல்லாமலே விளங்கும் என்பதை அங்கேதான் கற்றேன்” என்று பின்னாளில் அவர் சொல்வதுண்டு.

மாட்டுங்கா

பொறியியல் நிறுவனம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்தவர், சில ஆண்டுகளில் விளம்பரப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். மாட்டுங்காவில் வாடகைக்கு ஓர் அறை கிடைத்தது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932 முதல் வளர்த்த கல்விச் சூழலும், உடுப்பி உணவகங்களும், பூக்கடைகளும், 1963இல் எழுந்த சண்முகானந்தா அரங்கின் இசையும் ஊரைப் பிரிந்து வந்தவர்களுக்கு மற்றோர் ஊரை ஆக்கித் தந்திருந்தன.

மின்னஞ்சல் இல்லாத காலம் அது. செய்திக்குறிப்பைக் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்து, மாலை ஆறு மணிக்குள் பத்திரிகை அலுவலகங்களில் நேரில் கொடுக்க வேண்டும். விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் இறங்கிக் கால்நடையாகவே சுற்றி வருவார். ஆங்கில நாளேடுகளோடு நின்றுவிட மாட்டார். மராத்தி, குஜராத்தி ஏடுகளுக்கும் அவரவர் மொழியில் குறிப்பு போகும். “தொழிலாளி படிக்கும் பத்திரிகையில் வராத செய்தி, நிறுவனத்துக்குப் பாதிச் செய்திதான்” என்பது அவர் கொள்கை.

1965இல் பன்னாட்டு மக்கள் தொடர்புச் சங்கம் ஏதென்ஸ் நகரில் ஒரு நெறிமுறையை வகுத்தது. 1968 ஏப்ரல் 21 அன்று புதுதில்லியில் தொடங்கிய முதல் அகில இந்திய மாநாட்டில் அதை இந்தியக் கழகமும் ஏற்றது. அந்த நாளே இன்று தேசிய மக்கள் தொடர்பு நாளாக நினைவுகூரப்படுகிறது. உண்மையைப் பிற தேவைகளுக்குக் கீழ்ப்படுத்தலாகாது என்பது அந்நெறிமுறையின் சாரம். தந்தை அதன் படியொன்றைத் தம் மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருந்தார்.

அதற்கான சோதனை விரைவிலேயே வந்தது. தொழிற்சாலையில் கொதிகலன் ஒன்று வெடித்து மூவர் காயமுற்றனர். “சிறு பழுது; உற்பத்தி பாதிக்கப்படவில்லை” என்று எழுதித் தரும்படி மேலிடம் பணித்தது. “எத்தனை பேர் என்பது மருத்துவமனைக்குத் தெரியும், அவர்கள் வீட்டாருக்குத் தெரியும். நம் குறிப்புக்கு மட்டும் தெரியாதென்றால், நாளை நாம் சொல்லும் எதை நம்புவார்கள்?” என்று தந்தை கேட்டார். நீண்ட வாதத்துக்குப் பின், காயமுற்றோர் எண்ணிக்கையோடும் சிகிச்சை விவரத்தோடும் குறிப்பு வெளியாயிற்று. அடுத்த நாள் அது நான்கு வரிச் செய்தியாக முடிந்தது. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வோ மூன்று ஆண்டுகள் தள்ளிப்போனது. வீட்டில் அம்மா சிக்கனத்தைக் கூட்டினார். இருவரும் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டதை நாங்கள் கேட்டதில்லை.

செம்பூர்

எழுபதுகளில் வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் மூலம் கடன் பெற்றுச் செம்பூரில் இரண்டு அறை வீடு வாங்கினார். 1995இல் ஓய்வு பெற்றார். அதன் பின்னரே தம் தொழிலின் பெயருக்கு முழுப்பொருள் விளங்கியது என்பார்.

தாராவியில் பழகிய நண்பர் ஒருவர் திடீரென மறைந்தார். வங்கியில் அவர் சேர்த்திருந்த வைப்புத் தொகைக்கு நியமனதாரர் பெயர் குறிக்கப்படவில்லை. வாரிசுச் சான்றிதழ், ஈட்டுறுதிப் பத்திரம், பிணை நிற்போரின் கையொப்பம் என்று அலைந்த அவருடைய மனைவி, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்தார். தந்தை உடன் சென்று விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தார். பணம் கைக்கு வரப் பதினொரு மாதங்கள் ஆயின. வைப்புகளுக்கு நியமனம் செய்யும் விதிகள் 1985 முதலே நடைமுறையில் இருந்தன. கணக்கு வைத்திருந்தவரிடம் அதை எவரும் எடுத்துச் சொல்லவில்லை. “விதி இருந்து பயனில்லை, அது தெரிய வேண்டியவருக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பெயர்தான் மக்கள் தொடர்பு” என்றார் தந்தை.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் காலையில் தாராவிக்குச் செல்வார். தொண்ணூறு அடிச் சாலைக்கு அருகே நண்பர் ஒருவரின் கடைத் திண்ணையில் அமர்ந்து, பாஸ்புத்தகத்துடன் வருவோருக்குப் படிவம் நிரப்பித் தருவார். அதே சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் தைத்திருநாளன்று மட்டும் அவருக்கு விடுமுறை. நியமனதாரர் வாரிசுகளின் சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்பவரேயன்றி, அதனாலேயே முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதைத் தவறாமல் சொல்வார். ஆகவே உயிலும் எழுதுங்கள் என்பார்.

2019இல், எண்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். அலமாரியில் பழுப்பு நிறக் கோப்பு ஒன்று இருந்தது. முதல் தாளில் கணக்கு எண்கள், வைப்புகளின் முதிர்வு நாள்கள், காப்பீட்டு விவரம், ஒவ்வொன்றுக்கும் நியமனதாரர் யார் என்பதெல்லாம் தட்டச்சில் இருந்தன. ஒரே பக்கம், அடித்தல் திருத்தல் இல்லை. அம்மா வங்கிக்கு இரண்டே முறைதான் போக நேர்ந்தது.

இன்று வசதிகள் பெருகியுள்ளன. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். யாருக்கு எத்தனை விழுக்காடு என்றும் குறிக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு மேல் உரிமை கோரப்படாத வைப்புகளைத் தேட, ரிசர்வ் வங்கி 2023இல் ‘உத்கம்’ இணையதளத்தைத் தொடங்கியது. ஆயினும், தேடும் நிலை நம் வீட்டாருக்கு வராதிருக்க, ஒரு மாலைப்பொழுதும் ஒரு தாளும் போதும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அருகில் அமர்ந்து கேட்டு எழுதுங்கள். கணக்கு விவரங்களோடு அவர்கள் கடந்து வந்த கதைகளும் உங்களுக்குக் கிடைக்கும்.