பம்பு நிற்கும் முன் சொல்லும் செய்தி

புணே நகருக்கும் பம்புக்கும் உள்ள உறவு நெடியது. 1888-இல் பெல்காமில் சைக்கிள் கடையாகத் தொடங்கி, 1910-இல் கிர்லோஸ்கர்வாடிக்குப் பெயர்ந்த கிர்லோஸ்கர் குடும்பத் தொழிலின் பம்பு நிறுவனம் இன்று இந்நகரையே தலைமையிடமாகக் கொண்டுள்ளது. கோவையிலிருந்து இங்கு வந்து தொழில் நடத்தும் வாடிக்கையாளர்களுக்குப் பம்பைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லைதான். ஆயினும் கடன் கொடுத்தவர்களின் கண்ணில் பட்டதைச் சொல்லலாம் அல்லவா?

பிம்ப்ரி, போசரி, சாகண் பகுதிகளில் வங்கிக் கடனில் வாங்கிய இயந்திரங்களைப் பார்வையிடச் செல்கிறோம். பெரிய இயந்திரங்கள் துடைத்து வைக்கப்பட்டிருக்கும்; குளிர்நீரைச் சுற்றவிடும் பம்போ மூலையில் கவனிப்பாரின்றிக் கிடக்கும். ஒரு தொழிற்கூடத்தில் அத்தகைய பம்பு நின்றதால் நான்கு நாள் உற்பத்தி முடங்கி, அம்மாதத் தவணையும் தவறியது. பழுதானது ஒரு பேரிங் மட்டுமே. மூன்று வாரமாகவே இரைச்சல் கேட்டதாகத் தொழிலாளி சொன்னார். அதை எவரும் எழுதி வைக்கவில்லை.

இரைச்சலிலும் வகை உண்டு. குழாய்க்குள் ஜல்லி உருள்வது போன்ற ஓசை கேட்டால், உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகக் குறைந்திருக்கக்கூடும். அங்கே நீர் சூடேறாமலே ஆவிக்குமிழிகளாக மாறுகிறது. அக்குமிழிகள் இம்பெல்லரில் அழுத்தம் மிகுந்த பகுதியை அடைந்ததும் உடைந்து, உலோகத்தைக் குழிகுழியாக அரிக்கின்றன. அப்போது இம்பெல்லரை மட்டும் மாற்றுவது வீண்செலவு. புதியதும் அவ்வாறே அரிக்கப்படும். வடிகட்டியும் ஃபுட்வால்வும் அடைபட்டுள்ளனவா, தொட்டியில் நீர்மட்டம் தாழ்ந்துள்ளதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கசிவு எல்லாமே பழுதன்று. கிளாண்ட் பேக்கிங் உள்ள பம்பில் சொட்டுச் சொட்டாக நீர் வடிவது இயல்பு. அதுவே தண்டைக் குளிர்விக்கிறது. தரை நனைகிறதே என்று அதை முற்றிலும் இறுக்கிவிட்டால் தண்டு தேயும். மெக்கானிக்கல் சீல் உள்ள பம்பில் மட்டும் தொடர்ந்து நீர் சொட்டுவது எச்சரிக்கையாகும்.

எங்கள் தொழிலுக்கு நெருக்கமான அறிகுறி ஒன்றுண்டு: மின்கட்டணச் சீட்டு. உள்ளே இம்பெல்லரைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்தால், தள்ளப்பட்ட நீரில் ஒரு பகுதி உறிஞ்சும் பக்கத்திற்கே திரும்பிவிடும். அதே அளவு நீரைத் தர, பம்பு கூடுதல் நேரம் ஓட வேண்டும். உற்பத்தி உயராமல் மின்செலவு மட்டும் மாதந்தோறும் உயர்ந்தால், கணக்கரையும் ஃபிட்டரையும் ஒன்றாக அமர்த்திப் பேசுவது நல்லது.

புதிய பம்பைப் பொருத்திய வாரத்திலேயே அதன் அழுத்தம், மின்னோட்டம், பேரிங் வெப்பம், அதிர்வு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பின்னர் வாரம் ஒருமுறை அதே நிலையில் அளந்து ஒப்பிடுங்கள். தனித்து நிற்கும் ஓர் எண்ணால் எதுவும் விளங்காது. முதல் எண்ணிலிருந்து அது எவ்வளவு விலகியுள்ளது என்பதே பழுதைக் காட்டும்.

சிறு பழுதுக்கான செலவை நடைமுறை மூலதனத்திலிருந்து சமாளிக்கலாம். பம்பையே மாற்ற நேர்ந்தால் தவணைக்கடன் பொருத்தமானது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மூலப்பொருள் வாங்கப் பணமிராது. காப்பீட்டிலும் கவனம் வேண்டும். இயந்திரப் பழுதுக் காப்பீடு திடீரென நேரும் உடைவுக்கானது. நாளடைவில் தேய்ந்ததற்கு அது பொதுவாகப் பொருந்தாது. இழப்பீடு கோரும்போது அளவையாளர் பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்பதும் உண்டு.