அருவிக்கு மேலே, அருவிக்குக் கீழே

பினாங்குப் பிள்ளைகள் லோங்காங் என்ற வடிகாலில் பிடித்துப் பாட்டிலில் அடைக்கும் கப்பி மீன் முட்டையிடாது. கரு தாயின் வயிற்றிலேயே வளர்ந்து, ஏறக்குறைய நான்கு வாரத்தில் நீந்தத் தெரிந்த குஞ்சாக வெளியே வரும். ஒருமுறை கூடிய பெட்டை ஆணின் விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒற்றைச் சினைமீன் வாய்க்காலில் விழுந்தாலே ஒரு கூட்டம் உண்டாகிவிடும்.

இதன் தாயகத்தில் திரினிடாட் தீவும் சேரும். மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறிப் போன அதே தீவுதான். கொசுப்புழுவை ஒழிக்கும் என்று நம்பி இந்த மீனை ஊர் ஊராக விட்டார்கள்.

திரினிடாட் மலையோடைகளில் அருவிதான் எல்லைக்கோடு. கீழே, வளர்ந்த கப்பிகளை விழுங்கும் பெரிய மீன்கள். அவற்றால் அருவி ஏற முடியாது. மேலே இருக்கும் ரிவுலஸ் என்ற சிறுமீனின் வாய்க்குள் அடங்குவது பெரும்பாலும் குஞ்சுகளே. கீழே உள்ள கப்பிக்கு நாளை உயிரோடு இருப்போமா என்பதே நிச்சயமில்லை. அதனால் சீக்கிரம் பருவமடைந்து, சிறுசிறு குஞ்சுகளாக நிறைய ஈன்றவையே அங்கே வம்சம் விட்டன. மேலே ஆபத்து குறைவு; ஆனால் நெரிசல் அதிகம், தீனி போதாது. சில குஞ்சுகளே ஆனாலும் பெரிதாக ஈன்றால்தான் அவை போட்டியில் தேறும்.

1976-ல் உயிரியலாளர் ஜான் எண்ட்லர் அரிப்போ ஆற்றின் கீழ்ப்பகுதிக் கப்பிகளை, கப்பியே இல்லாத மேலோடை ஒன்றில் விட்டார். 11 ஆண்டுகளில், அதாவது 30 முதல் 60 தலைமுறைகளுக்குள், அவற்றின் வாரிசுகள் தாமதமாகப் பருவமடைந்தன. குஞ்சுகள் எண்ணிக்கையில் குறைந்து உருவில் பெருத்தன. எல்லாம் தீனியின் கைவரிசையோ? டேவிட் ரெஸ்னிக் குழு அதற்கும் இடம் வைக்கவில்லை. இரு வகையையும் ஆய்வகத்தில் ஒரே தீனியில் இரண்டு தலைமுறை வளர்த்தும் வேறுபாடு நிலைத்தது. 1990-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது. பரிணாமம் என்றாலே லட்சம் ஆண்டு என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது நல்ல அதிர்ச்சி.

கப்பி வெளியூர். உள்ளூர்க்காரர், கடல் முரலின் நன்னீர் உறவான ஜூலோங்-ஜூலோங். கீழ்த்தாடை மட்டும் ஊசியாக நீண்டு, நீர்மேல் விழும் எறும்பைக் கவ்வும். இந்தக் குடும்பத்தில், மலாயாக் காட்டோடைகளில் வாழும் ஓரினம் வெவ்வேறு வயதுக் கருக்களை ஒரே நேரத்தில் சுமந்து, சில சிலவாக ஈனுகிறது. வயிறு ஒரேயடியாகப் பருத்தால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவது கடினம் என்பது இவ்வழக்கத்துக்கு ஒரு விளக்கம். மெக்சிகோவில் இப்படி ஈனும் மீன் ஒன்றை ஆராய்ந்தபோது, வேகமான ஓடைகளில் இவ்வழக்கம் கூடுதலாகவே தெரிந்தது.

திரினிடாட் சோதனையைப் பினாங்கிலும் செய்து பார்க்கலாம். ஹாருவான் என்ற விரால் வேட்டையாடும் வயல் வாய்க்காலிலும், அது எட்டாத ஜார்ஜ்டவுன் சிமெண்டு லோங்காங்கிலும் சினைக் கப்பிகளைப் பிடித்து ஒப்பிடலாம். தீனியும் வெப்பமும் குழப்பும். எனவே ரெஸ்னிக் போலத் தொட்டியில் இரண்டு தலைமுறை வளர்த்தாக வேண்டும். யுஎஸ்எம் பல்கலைக்கழக மாணவர் யாராவது முன்வந்தால் வலைக்குச் செலவு அதிகமிருக்காது.